நல்ல சாணம் போட்ட கன்று

சென்னப்பன் காலையில் கொட்டகைக்குள் நுழைந்ததும் கன்றுகளின் முகத்தைப் பார்க்க மாட்டான். தரையைத்தான் பார்ப்பான். முப்பத்திரண்டு எருமைக் கடாக் கன்றுகள் இரவெல்லாம் போட்டு வைத்திருக்கும் சாணத்தை ஒவ்வொன்றாகப் பார்த்தபடி கடைசித் தடுப்பு வரை நடப்பான். தண்ணீராகப் போயிருந்தால் அது தீவனம் மாறியதாலா, குடல் பூச்சியாலா என்று நின்று யோசிப்பான். மேலே சளி படர்ந்து மினுங்கினால் குச்சியால் கிளறுவான். வெளுத்துப் போய்ப் புளித்த வாடை அடித்தால் பால் செரிக்கவில்லை. அன்று அந்தக் கன்றுக்குப் பாதிப் பால்தான்.

"இன்னா சென்னப்பா, ஜாதகம் பாத்து முடிச்சியா? இன்னிக்கு யாருக்கு ராகு?" என்று கேட்டுக்கொண்டே வருவார் அதாவுல்லா பாய். கொட்டகை அவருடையது.

"ஒம்பதாம் நம்பருக்கு பாய். பால கொறைக்கணும்."

"எனக்கும் ஒருநாள் பாத்துச் சொல்லுய்யா. ஒரு வாரமா வயிறு சரியில்ல."

"வாங்க பாய், வரிசையில வந்து நில்லுங்க."

பேரிகையிலிருந்து கர்நாடக எல்லைக்குப் போகும் சாலையில், ரோஜா வளர்க்கும் பாலித்தீன் குடில்களுக்குப் பின்னால் இருந்தது அந்தக் கொட்டகை. சுற்றுப்பட்டில் எருமை வைத்துப் பால் ஊற்றுகிறவர்களுக்குப் பெட்டைக் கன்று பிறந்தால் சந்தோஷம். கடாக் கன்று பிறந்தால் அது குடிக்கிற பால் நஷ்டம். மடியில் விடாமல் கட்டிப் போட்டால் ஒரு மாதத்தில் எலும்பாகிச் செத்துவிடும். அந்தக் கன்றுகளைத்தான் பாய் இரண்டு மூன்று வார வயசில் வாங்கி வந்தார். பால் பவுடரைக் கரைத்துக் கொடுத்து, பிறகு தவிடும் சோள உடைசலும் புல்லும் போட்டு, ஒன்றரை வருஷம் வளர்த்து இறைச்சி வியாபாரிகளுக்குக் கொடுப்பார். முதல் மூன்று மாதம் கன்றைச் சாகாமல் காப்பாற்றுவதில்தான் அந்தத் தொழிலே இருந்தது. முன்பு வேலை செய்தவர் கையில் பத்துக்கு மூன்று செத்தது. சென்னப்பன் வந்து மூன்று வருஷத்தில் பத்துக்கு ஒன்றுகூடச் சாகவில்லை.

இந்த வித்தையை அவனுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. நாட்றாம்பாளையத்தில் பிறந்தவன் என்றாலும் வளர்ந்த வயசில் அவன் கையில் மாடு இருந்ததில்லை. பத்தொன்பது வயசில் ஓசூருக்கு வந்து ஒரு வார்ப்புப் பட்டறையில் சேர்ந்தான். உருக்கிய இரும்பை ஊற்றுவதற்கு முன்னால் அச்சுக்கான மணல் பதமாக இருக்கவேண்டும். ஈரம் கூடினால் வார்ப்பில் ஓட்டை விழும், குறைந்தால் அச்சு உதிரும். ஒரு பிடி மணலை அள்ளி இறுக்கி, விரலைத் திறந்து, அது எப்படி உடைகிறது என்று பார்த்தே பதம் சொல்லப் பழகிக்கொண்டான். பிறகு கம்பெனி ஒரு பரிசோதனை அறை கட்டி, ஈரத்தை அளக்கும் மெஷினைக் கொண்டுவந்து வைத்தது. முதல் மாதம் மெஷின் சொன்னதையும் சென்னப்பன் கை சொன்னதையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்த்தார்கள். இரண்டும் அநேகமாக ஒன்றாகவே இருந்தன. சூப்பர்வைசர் அந்தத் தாளை நாலு பேருக்குக் காட்டினார். பரிசோதனை அறை என்பது கையும் கண்ணும் முன்பே சொன்னதைத் தாமதமாகச் சொல்கிற இடம் என்று அவன் மனசில் பதிந்தது அப்போதுதான்.

பதினோரு வருஷம் கழித்துப் பட்டறையை வேறு மாநிலத்துக்கு மாற்றினார்கள். சென்னப்பன் கொஞ்ச காலம் கிடைத்த வேலையெல்லாம் செய்துவிட்டு பாயிடம் வந்து சேர்ந்தான். மணலைப் பார்த்த கண்ணால் சாணத்தைப் பார்க்க ஆரம்பித்தான். அதிலும் தேறினான்.

அவன் மனைவி மாதேஸ்வரி ஓசூர்ப் பக்கம் ஒரு செல்போன் கம்பெனியில் வேலை பார்த்தாள். கம்பெனி பஸ் காலை ஐந்தே முக்காலுக்கு வரும். ஒரே மகள் யுவஸ்ரீ, ஏழு வயசு. பள்ளிக்கூடம் இல்லாத நாளில் பக்கத்து வீட்டு வெள்ளையம்மாவிடம் இருப்பாள். இல்லையென்றால் அப்பாவோடு கொட்டகைக்கு வந்துவிடுவாள்.

ஏப்ரல் கடைசியில் வந்தது இருபத்தேழாம் நம்பர்க் கன்று. மூன்று வாரக் குட்டி. வாளியில் பால் வைத்தால் தலையைத் திருப்பிக்கொண்டது. இந்த மாதிரிக் கன்றுக்கு ஒரு வழி உண்டு. விரலைப் பாலில் நனைத்து அதன் வாயில் வைக்கவேண்டும். அது காம்பென்று நினைத்துச் சப்பும். சப்பச் சப்ப விரலை மெல்ல வாளிக்குள் இறக்கினால் மூக்கு பாலில் படும். ஒரு வாய் உள்ளே போகும். அடுத்த நாள் தானாகக் குடிக்கும். சென்னப்பன் இப்படி எத்தனையோ கன்றைப் பழக்கியிருக்கிறான். இருபத்தேழு மட்டும் அவன் விரலை ஏற்கவில்லை. பட்டறைச் சூட்டில் காய்ந்து மரக்கட்டையாகிப்போன விரல். ஒருமுறை சப்பிவிட்டுத் துப்பியது.

"நான் குடுக்கட்டாப்பா?" என்றாள் யுவஸ்ரீ.

அவள் விரலைக் கன்று விடவே இல்லை. கண்ணை மூடிக்கொண்டு முட்டி முட்டிச் சப்பியது. அவளுக்குக் கூச்சம் தாங்கவில்லை; உடம்பை நெளித்துக்கொண்டு சிரித்தாள்.

"அப்பா, சார்ஜ் ஏறுதுப்பா! நான் எடுத்தா ஆஃப் ஆயிடும்!"

அந்த மே மாதம் முழுக்க அவளுக்கு இதுதான் விளையாட்டு. கன்றும் தேறியது. கழுத்தில் சதை வைத்தது, தோல் மினுமினுத்தது. சாணம் போட்டால் மடிப்பு மடிப்பாக, வாடையே இல்லாமல், பார்க்க அத்தனை ஒழுங்காக இருக்கும். சென்னப்பன் அதைத் தாண்டும்போது ஒரு நொடி நின்று பார்த்துவிட்டுத்தான் போவான்.

கால்நடை மருத்துவக் கல்லூரியில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்த ஆனந்தராஜ் என்ற இளம் டாக்டர் அந்தக் கோடையில் கொட்டகைக்கு வர ஆரம்பித்தான். இரண்டு வாரத்துக்கு ஒரு செவ்வாய்க்கிழமை வருவான். கையுறை போட்டுக்கொண்டு ஒவ்வொரு கன்றின் பின்புறத்திலும் பஞ்சு சுற்றிய நீளக் குச்சியை விட்டு எடுத்து, எண் ஒட்டிய குழாயில் போட்டு மூடி, ஐஸ் பெட்டியில் அடுக்குவான்.

"தரையில இவ்ளோ கெடக்குதே டாக்டரே. உள்ள வுட்டு எதுக்கு எடுக்கறீங்க, பாவம்," என்றான் சென்னப்பன்.

"தரையில கெடக்கறது யாருதுன்னு எப்படிண்ணா தெரியும்?"

"எனக்குத் தெரியும். இது பதிமூணு. அது நாலு. அதோ, அந்தக் கழிச்சல் இருவது. அதுக்குப் பூச்சி மருந்து குடுக்கணும்."

ஆனந்தராஜ் இருபதாம் நம்பரின் சாணத்தைத் தனியாக எடுத்துப்போய்ப் பார்த்தான். உள்ளே பூச்சி முட்டை நிறைய இருந்தது. அடுத்த முறை வந்து அதைச் சொன்னபோது சென்னப்பனுக்குத் தலைகால் புரியவில்லை. மாதேஸ்வரியிடம் இரண்டு தரம் சொன்னான்.

ஜூன் முதல் வாரத்தில் ஆனந்தராஜ் முடிவுகளோடு வந்தான். பாயையும் சென்னப்பனையும் உட்கார வைத்துச் சொன்னான். முப்பத்திரண்டில் ஒன்பது கன்றின் சாணத்தில் ஒரு கெட்ட கிருமி வெளியே வருகிறது. எட்டு கன்றில் கொஞ்சம். ஒரு கன்றில் மட்டும் மிக அதிகம்.

"அந்த எட்டும் சேந்து போடுறத விட இது ஒண்ணே பல மடங்கு போடுது. இருவத்தேழு."

சென்னப்பன் சிரித்துவிட்டான். "இருவத்தேழா? நம்பர மாத்தி ஒட்டிட்டீங்க டாக்டரே. அது சாணத்த பாத்தீங்களா நீங்க? எருமையா பொறந்துடுச்சு, இல்லேன்னா அத்துல புள்ளையாரே புடிக்கலாம்."

"அதாண்ணா இதுல சிக்கலே. கன்னுக்கு ஒண்ணும் ஆவாது. நல்லா தின்னும், நல்லா போடும். குடலோட கடைசி ஒரு ஜாண்ல இது ஒட்டிக்கிட்டு இருக்கும், போடும்போது சாணத்தோட வெளிய வரும். கண்ணுக்கும் தெரியாது, மூக்குக்கும் தெரியாது. ஒரு வாரம் வரும், அடுத்த வாரம் வராது. தீவனத்த மாத்தினா, கன்னு மெரண்டா ஜாஸ்தியாவும்னு சொல்றாங்க. மனுசன் வயித்துக்குள்ள போனாதான் ஆபத்து. அதுலயும் சின்னப் புள்ளைங்களுக்கு ரத்தமா போவும். சில புள்ளைங்களுக்குக் கிட்னியில போய் நிக்கும்."

பாய் சிரிக்கவில்லை. "இன்னா பண்ணணும் தம்பி, சொல்லு."

"கைய சோப்பு போட்டு கழுவணும். கன்னு குடிக்கிற தொட்டியில கை கழுவவே கூடாது. சின்னப் புள்ளைங்கள உள்ள வுடாதீங்க."

அன்று சாயங்காலமே பாய் வாசலருகே ஒரு குழாய் போட்டு சோப்புப் பெட்டி மாட்டினார். கேட்டுக்குப் புதுப் பூட்டு வாங்கிச் சாவியைச் சென்னப்பனிடம் கொடுத்தார். "பாப்பாவ இனிமே கூட்டிட்டு வராதப்பா," என்றார். சென்னப்பன் சரி என்றான். வீட்டில் இதைச் சொன்னபோது மாதேஸ்வரியும் அதையே சொன்னாள், கொஞ்சம் சூடாக.

"அவளுக்கு எப்பவும் வெரல் வாயிலதான் இருக்கும். இனி அந்தப் பக்கம் கூட்டிட்டுப் போனீங்கன்னு தெரிஞ்சுது, நான் மனுசியா இருக்கமாட்டேன்."

"போமாட்டா. நான் சொல்றேன்ல."

சொன்னானே தவிர அவன் நம்பவில்லை. ஆனந்தராஜைப் பொய்யன் என்று நினைக்கவில்லை. எங்கோ எண் மாறியிருக்கிறது என்று நினைத்தான். மெஷின் சொல்வதும் அவன் கண் சொல்வதும் இத்தனை தூரம் விலகி அவன் பார்த்ததில்லை.

இரண்டு வாரம் கழித்து இருபத்தேழுக்குப் பாலை நிறுத்தித் தவிட்டுக்கு மாற்றும் நாள் வந்தது. மற்ற கன்றுகள் ஒரு நாள் கத்திவிட்டுத் தின்ன ஆரம்பித்தன. இருபத்தேழு தின்னவில்லை. வியாழன் போயிற்று, வெள்ளி போயிற்று. தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு மூலையில் நின்றது. மூன்றாம் நாளும் வாய் வைக்காத கன்று படுத்துவிடும், படுத்தால் எழாது என்பது அவன் அனுபவம். ஆனந்தராஜைக் கூப்பிடலாம் என்று போனை எடுத்தான். தின்ன வைக்க ஊசி ஏது என்று வைத்துவிட்டான்.

சனிக்கிழமை மாதேஸ்வரிக்கு ஓவர்டைம். யுவஸ்ரீ வெள்ளையம்மா வீட்டில் இருந்தாள். பகல் பதினொரு மணிக்கு சென்னப்பன் போய் அவளைக் கூப்பிட்டான்.

"அம்மா திட்டும்ப்பா."

"ஒரே ஒரு தடவ. சார்ஜ் போட்டுட்டு வந்துரலாம். அம்மாகிட்ட சொல்லாத."

அவளுக்கு இந்த ரகசியம் பிடித்திருந்தது. வாயைக் கையால் பொத்திக் காட்டினாள்.

தவிட்டில் வெல்லத் தண்ணீர் தெளித்துப் பிசைந்து கொடுத்தான். அவள் அதை விரலில் அப்பி நீட்டினாள். கன்று மூக்கை நீட்டி மோந்தது, நக்கியது, பிறகு முழு விரலையும் வாங்கிக்கொண்டது. கால் மணி நேரத்தில் தட்டில் வாய் வைத்துத் தின்றது. சென்னப்பன் அதன் முதுகைத் தட்டிக்கொண்டே திரும்பினான். யுவஸ்ரீ விரலில் ஒட்டியிருந்த வெல்லத்தை நக்கிக்கொண்டிருந்தாள்.

"ச்சீ, வாயில வெக்காத," என்று கையைப் பிடித்து இழுத்து, பக்கத்திலிருந்த கன்றுத் தொட்டித் தண்ணீரில் முக்கிக் கழுவிவிட்டான். சோப்பு வாசலில் இருந்தது. முப்பதடி நடந்தால் போதும். பிற்பாடு எத்தனையோ முறை அந்த முப்பதடியை அவன் மனசுக்குள் நடந்து பார்த்திருக்கிறான்.

புதன்கிழமை பள்ளியிலிருந்து வரும்போதே வயிறு வலிக்கிறது என்றாள். இரவு ஏழெட்டு முறை போனாள். வியாழக்கிழமை காலையில் போனதில் ரத்தம் இருந்தது. மாதேஸ்வரி பஸ்ஸை விட்டுவிட்டாள். இருவரும் அவளை வண்டியில் நடுவில் உட்கார வைத்து, பக்கத்தில் கிளினிக் வைத்திருந்த டாக்டரிடம் கொண்டு போனார்கள்.

டாக்டர் நிதானமானவர். வயிற்றை அழுத்திப் பார்த்தார். "வெளிய ஏதாவது சாப்ட்டாளா?"

"ஞாயித்துக்கிழம பானிபூரி சார்," என்றாள் மாதேஸ்வரி. "ரொம்ப கேட்டான்னு நாந்தான் வாங்கிக் குடுத்தேன்."

"ஆடு, மாடு, கன்னு இதுங்க கூட பழகறாளா?"

மாதேஸ்வரி திரும்பிச் சென்னப்பனைப் பார்த்தாள். சந்தேகமாகப் பார்க்கவில்லை, மாடு கன்று அவன் விஷயம், அவன் சொல்லட்டும் என்ற பார்வைதான். ஆனால் அந்த முகத்தைப் பார்த்ததும் அவன் வாய் தானாகத் திறந்தது.

"இல்லைங்க சார். அவ அங்கல்லாம் வர்றதில்ல."

பக்கத்தில் உட்கார்ந்திருந்த மாதேஸ்வரி தலையாட்டினாள். கட்டிலில் சுருண்டிருந்த யுவஸ்ரீ கண்ணைத் திறந்து அப்பாவைப் பார்த்தாள். மறுபடி மூடிக்கொண்டாள்.

டாக்டர் சீதபேதி என்று எழுதி, ஆன்டிபயாட்டிக்கும், போவது நிற்க ஒரு மருந்தும் கொடுத்தார். வீட்டுக்கு வந்ததும் மாதேஸ்வரி சுவரில் சாய்ந்து உட்கார்ந்து அழுதாள்.

"என் கையால வாங்கி ஊட்டுனேனே. வேணாம்னு நெனச்சேன், அப்புறம் போவுதுன்னு வாங்கினேன். எந்தப் பாவி கை பட்ட தண்ணியோ."

"வுடு மாதேசு. உன் மேல தப்பு இல்ல," என்றான் சென்னப்பன். தேற்றுவதாகத்தான் அவனும் நினைத்தான். உண்மையாகவே பானிபூரியாகவும் இருக்கலாம் என்று மனசின் ஒரு பக்கம் சொன்னது. மத்தியானம் கொட்டகைக்குப் போய் இருபத்தேழின் சாணத்தைப் பார்த்தான். அது எப்போதும்போல ஒழுங்காகவே இருந்தது. அதைப் பார்த்து அவனுக்கு நெஞ்சில் கொஞ்சம் காற்று வந்தது.

வெள்ளிக்கிழமை மாதேஸ்வரி சோறு சாப்பிடவில்லை. சனிக்கிழமையும் பேருக்குத்தான் சாப்பிட்டாள். ஞாயிற்றுக்கிழமை வயிற்றுப்போக்கு நின்றது. மருந்து கேட்டுவிட்டது என்று வெள்ளையம்மா கஞ்சி வைத்துக் கொண்டுவந்தாள். அன்று சாயங்காலம் மாதேஸ்வரிதான் கவனித்தாள்: காலையிலிருந்து பிள்ளை சிறுநீர் கழிக்கவே இல்லை. திங்கட்கிழமை விடிந்தபோது கண்ணிரண்டும் வீங்கி இடுங்கிவிட்டன. முகம் வெளுத்து, கூப்பிட்டால் இரண்டு தரம் கூப்பிடவேண்டியிருந்தது. ஓசூரில் ரத்தம் பார்த்தார்கள். உடனே பெங்களூரு என்று ஆம்புலன்ஸில் ஏற்றினார்கள்.

குழந்தைகள் ஆஸ்பத்திரியில் இருந்த பெண் டாக்டர் கன்னடக்காரர். கிட்னி வேலை செய்யவில்லை, டயாலிசிஸ் தொடங்கவேண்டும் என்றார். பிறகு காகிதத்தை வைத்துக்கொண்டு கேள்வி கேட்டார். "மனேலி தன, கரு ஏனாதரு இதெயா?" வீட்டில் மாடு கன்று ஏதாவது உண்டா என்று அதே கேள்வி.

மாதேஸ்வரி அவனுக்கு முன்னால் பதில் சொன்னாள். இல்லை, பானிபூரி வாங்கிக் கொடுத்தேன், நான்தான் கொடுத்தேன் என்று தனக்குத் தெரிந்த கன்னடத்தில் சொன்னாள். டாக்டர் எழுதிக்கொண்டார். சென்னப்பன் பக்கத்தில் நின்றான். இப்போது சொன்னால் வியாழக்கிழமை ஏன் சொல்லவில்லை என்று கேட்பார்கள் என்பதே அவன் வாயை அடைத்தது.

மறுநாள் காலையில் அவனை மட்டும் உள்ளே விட்டார்கள். வயிற்றில் குழாய், கையில் ஊசி. யுவஸ்ரீ விழித்திருந்தாள். உதட்டை அசைத்தாள். அவன் காதைக் கிட்டே கொண்டுபோனான்.

"அப்பா, நான் யார்கிட்டயும் சொல்லல."

அவனுக்கு முதலில் விளங்கவில்லை.

"அம்மாகிட்ட, டாக்டர்கிட்ட… சொல்லவே இல்லப்பா."

வெளியே மாதேஸ்வரி பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். சென்னப்பன் அவள் முன்னால் தரையில் உட்கார்ந்தான்.

"மாதேசு, பானிபூரி இல்ல."

"இன்னா?"

"பானிபூரி இல்ல. நான் கூட்டிட்டுப் போனேன். இருவத்தேழு தின்னாம கெடந்துச்சு. அவ வெரல குடுத்தா. அப்புறம் அந்த வெரல வாயில வெச்சா. நான் பாத்தேன்."

"எப்ப?"

"போன வாரத்துக்கு முந்தின சனிக்கிழம. உனக்கு ஓவர்டைம்."

அவள் அவனை அடிப்பாள், கத்துவாள் என்று காத்திருந்தான். அவள் எழுந்தாள், புடவைத் தலைப்பை இழுத்துச் செருகினாள், நேராக டாக்டர் அறைக்குப் போனாள். கதவைத் தள்ளிக்கொண்டு, "நேத்து நான் சொன்னது தப்பு மேடம். இவர்கிட்ட கேளுங்க," என்றாள்.

டாக்டர் முழுக்கக் கேட்டார். கன்றின் பரிசோதனை முடிவு எங்கே இருக்கிறது என்று கேட்டு, ஆனந்தராஜின் எண்ணை வாங்கிக்கொண்டார். சென்னப்பன் ஒன்றே ஒன்று கேட்டான்: வியாழக்கிழமையே சொல்லியிருந்தால்?

டாக்டர் பேனாவை மூடினார். அவருடைய தமிழ் மெதுவாக வந்தது. "இந்தக் கிருமிக்கு அந்த மருந்தே கெடுதல் பண்ணலாம். சொல்லியிருந்தா அந்த டாக்டர் அதைக் கொடுக்கத் தயங்கியிருப்பார். சீக்கிரம் இங்க அனுப்பியிருப்பார். அப்பவும் கிட்னிக்கு இது வந்திருக்கலாம். வராமலும் இருந்திருக்கலாம். எனக்குத் தெரியாது. யாருக்கும் தெரியாது."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பான்.

பதினோரு நாள் டயாலிசிஸ் நடந்தது. பன்னிரண்டாம் நாள் கொஞ்சம் சிறுநீர் வந்தது. நர்ஸ் அதை அளந்து சொன்னபோது மாதேஸ்வரி அந்த நர்ஸின் கையைப் பிடித்துக்கொண்டாள். பிள்ளை பிழைத்துவிட்டாள். ஆனால் கிட்னி பழையபடி ஆகவில்லை. உப்பு குறைக்கவேண்டும், மாதம் ஒருமுறை சிறுநீரும் ரத்தமும் பார்க்கவேண்டும், வளர வளர என்ன ஆகும் என்பதை வளர்ந்த பிறகுதான் சொல்ல முடியும் என்றார்கள்.

ஆனந்தராஜ் ஆஸ்பத்திரிக்கு வந்து பார்த்தான். பிள்ளையிடம் இருந்ததும் கன்றிடம் இருந்ததும் ஒரே கிருமிதான் என்று பரிசோதனையில் தெரிந்ததாகச் சொன்னான். சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டான். "நான் இன்னும் அழுத்திச் சொல்லியிருக்கணும்ணா."

"நீங்க சொன்னீங்க டாக்டரே. நான்தான் சிரிச்சேன்."

பாய் வேலையை விட்டு நிறுத்துவார் என்று சென்னப்பன் எதிர்பார்த்தான். நிறுத்தினால் நல்லது என்றுகூட இருந்தது. பாய் கொட்டகை வாசலில் அவனை நிறுத்திச் சொன்னார்: "உன்ன நிறுத்தறதுன்னா என்னையும்தான் நிறுத்தணும். புள்ள வந்து போவுதுன்னு எனக்குத் தெரியும். ஒரு பூட்ட வாங்கி மாட்டிட்டு, சாவிய உங்கிட்டயே குடுத்துட்டு, என் வேல முடிஞ்சுதுன்னு வீட்டுக்குப் போயிட்டேன்." அதற்குப் பிறகு அவர் ஜாதகத்தைப் பற்றிக் கேலி பேசவில்லை. காலையில் வந்தால், "எல்லாம் சரியா?" என்று மட்டும் கேட்பார்.

அடுத்த முறை பஞ்சுக் குச்சி விட்டு எடுத்தபோது இருபத்தேழில் அந்தக் கிருமி இல்லை. அதற்கடுத்த முறையும் இல்லை. வந்தது போலவே போய்விட்டது என்றான் ஆனந்தராஜ். சென்னப்பன் போய் அதன் தடுப்பில் நின்றான். பிள்ளையைப் படுக்கையில் தள்ளிய நாளில் அது போட்ட சாணத்துக்கும், ஒன்றுமே இல்லை என்று தாளில் வந்த நாளில் போட்டதற்கும் ஒரு இம்மி வித்தியாசம் சொல்ல அவனால் முடியவில்லை. பல நாள் குனிந்து பார்த்தான். நன்றாக வளர்ந்து நிற்கும் அந்தக் கடாவின் மேல் அவனால் கோபப்படவும் முடியவில்லை. வேலையில் அவன் இன்னும் கெட்டிதான். கழிச்சல் வந்த கன்றை இப்போதும் எல்லோருக்கும் முன்னால் அவன்தான் கண்டுபிடிக்கிறான். நன்றாக இருக்கிறது என்று மட்டும் எந்தக் கன்றைப் பற்றியும் சொல்வதில்லை.

வீட்டில் மாதேஸ்வரி அவனை ஒரு வார்த்தை திட்டவில்லை. சோறு போட்டாள், பேசவேண்டியதைப் பேசினாள், பிள்ளைக்கு உப்பை அளந்து போட்டாள். மாதங்கள் போயின.

ஜனவரியில் ஒருநாள் பரிசோதனை முடிந்து பெங்களூரிலிருந்து பஸ்ஸில் வந்துகொண்டிருந்தார்கள். யுவஸ்ரீ இருவருக்கும் நடுவில் அப்பாவின் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள். அத்திப்பள்ளியில் வண்டிகள் நெருக்கியடித்து நின்றன. மாதேஸ்வரி ஜன்னலைப் பார்த்தபடியே பேசினாள்.

"அன்னிக்கு அந்த மொத டாக்டர் கேட்டப்போ நீங்க அவர பாக்கல. புள்ளய பாக்கல. என்னத்தான் பாத்தீங்க."

"ஆமா."

"நான் திட்டுவேன்னு."

"ஆமா."

பஸ் ஒரு அடி நகர்ந்து மறுபடி நின்றது.

"எல்லாத்தயும் நெனச்சிப் பாத்துட்டேன். தவிட நக்க வெச்சது, தண்ணியில கழுவுனது, அத்தெல்லாம் தெரியாம பண்ணதுன்னு மனசு ஆறிடுது. இது ஒண்ணுதான் ஆறல. புள்ள அப்பிடி கெடக்கறா, அந்த நேரத்துல என் வாய்க்கு பயந்தீங்களே. அவ்ளோ கெட்டவளாவா இருந்தேன் நானு உங்களுக்கு?"

"இல்ல மாதேசு."

அது உண்மை. இத்தனை வருஷத்தில் அவளிடம் அதைவிட உண்மையாக அவன் எதையும் சொன்னதில்லை. ஆனால் அவள் தலையை ஆட்டியபோது அவனுக்குத் தெரிந்தது: டாக்டர் எதிரில் அவன் சொன்ன ‘இல்லை’யையும் அவள் இப்படித்தான், பக்கத்தில் உட்கார்ந்து, தலையாட்டிக் கேட்டுக்கொண்டாள். இரண்டுக்கும் வித்தியாசம் காட்ட அவனிடம் எதுவும் இல்லை.

ஓசூர் வரும்வரை அவன் தோளை அசைக்காமல் உட்கார்ந்திருந்தான்.